வால் இருக்கும் வரை

“துப்பு! துப்புடி!” என்று நொச்சி தன் மகளின் வாயிலிருந்து பாசியைப் பிடுங்கினாள்.

“ஒரே ஒரு வாய் அம்மா!” என்றாள் குமிழி.

“ஒரு வாய், ஒரு வாய்னு தின்னுதான் நேத்து பின்னங்கால் முளைச்சிருக்கு! அடுத்து முன்னங்கால் முளைக்கும். அப்புறம் வால் போயிடும். வால் போனா நீ யாரு?”

“தவளை.”

“அதான் கூடாதுங்கறேன்!”

நொச்சி ஒரு தவளை. குமிழி அவளுடைய தலைப்பிரட்டை. இருவரும் தாமரைக்குளத்தில் இருந்தார்கள். குளத்தில் தாமரை இல்லை. கரை உடைந்த பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் அங்கே நீர் தங்குவதில்லை. நடுவில் ஒரு பள்ளத்தில் மட்டும் கலங்கல் தேங்கியிருந்தது. அந்தப் பள்ளத்தில் ஆயிரக்கணக்கான தவளைகள் ஒன்றின் முதுகில் ஒன்று உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வாய்க்காலைத் தாண்டினால் பெரிய ஏரி. வற்றாத ஏரி. அங்கே கொசு மண்டிக் கிடந்தது. தவளை போதவில்லை என்று ஏரிக்கரை எருமைகள் புலம்புவது குளம்வரை கேட்கும். குளத்திலோ தவளைக்குக் கொசு போதவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மதகு. மதகில் ஓர் உடும்பு.

கரைமேல் ஏறிக் குதித்துப் போய்விடலாம் என்றால், கரை நெடுகக் கொக்குகள் நின்றன. உடும்பு தன் வாலால் முதுகில் சேறு தீட்டி அனுப்பும் தவளையைக் கொக்கு தொடாது. சேறு இல்லாத தவளையை விடாது.

உடும்பு கெட்டது அல்ல. யாரிடமும் ஒரு பூச்சி கூட வாங்கியதில்லை. அதற்கு ஒழுங்கு பிடிக்கும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு மழைக்கும் ஒரு குளத்திலிருந்து ஏழு பேர் ஏரிக்குள் வரலாம். பெரிய குளம், சின்னக் குளம் என்ற பேச்சே கிடையாது. வர விரும்புகிறவர் ஒரு கூழாங்கல்லைக் கொண்டுவந்து, தான் பிறந்த குளத்தின் வரிசையில் கடைசியாக வைக்க வேண்டும். வரிசையின் ஓரத்தில் உடும்பு ஒரு குச்சியை நட்டிருக்கும். குச்சிக்கு முன்னால் யாருடைய கல் இருக்கிறதோ அவர்கள் அந்த மழைக்கு வரலாம். மற்றவர்கள் குச்சி நகரும்வரை காத்திருக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் உடும்புக்குத் தனிக் கருணை உண்டு. பிள்ளைக்குத் தனிக் கல் வேண்டாம், தாயின் கல்லே போதும் என்று அது சொல்லியிருந்தது. பிள்ளை என்றால் யார்? வால் உள்ளது பிள்ளை. வால் கரைந்துவிட்டால் அது ஆள். ஆளானவர் தன் கல்லைத் தானே வைக்க வேண்டும், வரிசையின் கடைசியில்.

தாமரைக்குளத்து வரிசையின் கடைசி எங்கே என்று மதகில் நின்று பார்த்தால் தெரியாது. அது பனந்தோப்பைத் தாண்டிப் போயிருந்தது.

அதனால் தாமரைக்குளத்தில் பிள்ளை வளர்ப்பது ஒரு கலையாகிவிட்டது. பிள்ளைகளைப் பாறை நிழலில், குளிர்ந்த நீரில் வைத்தார்கள். வெயில் பட்டால் கால் சீக்கிரம் முளைக்கும். பாசியைத் தாய்மார்கள் தாங்களே மென்று, சாற்றை மட்டும் கொடுத்தார்கள். ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்தால், “எவ்வளவு சின்னதா வச்சிருக்கே!” என்று மெச்சினார்கள். பெரியவர்கள் தலையைத் தொட்டு, “இப்படியே இரு தாயே!” என்று வாழ்த்தினார்கள்.

இந்தக் கலையில் பக்கத்துக் கல்லில் இருந்த வாகையை மிஞ்ச ஆளில்லை.

“என் பையனைப் பாரு!” என்றாள் வாகை. “உன் குமிழிக்கு மூத்தவன். ஒரு கால் முளைச்சிருக்கா? வாலு பாம்புக்குட்டி மாதிரி இருக்கு!”

“எப்படிக்கா வைக்கறீங்க?” என்று நொச்சி பொறாமையோடு கேட்டாள்.

“அழுதா காதுல வாங்கக் கூடாது. அவ்வளவுதான் சூட்சுமம்!”

அன்று மாலை மழை பெய்தது. தாமரைக்குளமே மதகுக்கு ஓடியது. உடும்பு குச்சியைப் பிடுங்கி, வரிசையோரமாக நடந்து, மறுபடி நட்டது. வாகையின் கல் உள்ளே வந்துவிட்டது. நொச்சியின் கல்லுக்கும் குச்சிக்கும் நடுவில் ஒரு கைப்பிடிக் கற்கள்தான்.

“அடுத்த மழைக்கு நீதான்டி!” என்று கத்திக்கொண்டே வாகை தன் பையனை ஓர் இலைத் துண்டில் வைத்து இழுத்துப் போனாள். முதுகில் சேறு மினுங்கியது. கொக்குகள் மரியாதையாக ஒதுங்கின.

நொச்சிக்கு அன்று தூக்கம் வரவில்லை. குமிழியின் வாலைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

அடுத்த மழைக்கு முதல் ஆளாக மதகில் நின்றாள். உடும்பு குச்சியைப் பிடுங்கியது. நடந்தது. நொச்சி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது குச்சி முன்பு இருந்த இடத்திலிருந்து மதகுப் பக்கமாகப் பின்வாங்கி நின்றது.

“ஐயா! குச்சி பின்னாடி போயிருக்கு!”

“ஆமாம்.”

“குச்சி பின்னாடி போகுமா?”

“போகும். போன தடவை, கல் வச்சவங்கள்ல பாதிப் பேர் செத்திருப்பாங்க, வரமாட்டாங்கன்னு நினைச்சுக் குச்சியைக் கொஞ்சம் தாராளமா நகர்த்திட்டேன். எல்லாரும் உயிரோட வந்து நின்னுட்டாங்க. தப்பு என்னுதுதான். அதனால பின்னாடி எடுத்துட்டேன்.” உடும்பு உண்மையாகவே வருந்தியது.

“என் கல் நகரலையே ஐயா! அது வச்ச இடத்துலதானே இருக்கு?”

“கல் பத்திரமா இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு!” என்றது உடும்பு.

அப்போது மதகின் இன்னொரு வாசலில் ஓர் ஆமை அசைந்து வந்தது. பாறைச்சுனையில் பிறந்த ஆமை அது. பாறைச்சுனை என்பது மலையடியில் ஓர் எருமை படுக்கும் அளவுக்குச் சின்னக் குட்டை. அங்கே இந்த ஆமையைத் தவிர வேறு யாரும் இல்லை. பாறைச்சுனைக்கும் மழைக்கு ஏழு இடம். வரிசையில் ஒரு கல் கூடக் கிடையாது. குச்சியும் கிடையாது.

“வாங்க, வாங்க!” என்று உடும்பு ஆமையின் ஓட்டில் சேறு தீட்டியது. “போன மழைக்கு உள்ளே போனீங்களே, எப்ப திரும்பினீங்க?”

“ஏரியில ஒரே இரைச்சல். தூக்கம் வரலை. சுனைக்கே போயிட்டேன். அங்கே போனா பொழுது போகலை. சரி, ஒரு எட்டு ஏரியைப் பார்த்துட்டு வரலாம்னு கிளம்பினேன்.”

நொச்சி குறுக்கே பாய்ந்தாள். “ஐயா! ஆமையண்ணன் போக மீதி ஆறு இடம் இருக்கே! அதுல எனக்கும் என் பொண்ணுக்கும் ரெண்டு கொடுத்தா என்ன?”

“அது பாறைச்சுனைக்காரங்களுது.”

“பாறைச்சுனையில வேற யாருமே இல்லையே!”

“அதனாலதான் அங்கே நெரிசலே இல்லை. எவ்வளவு ஒழுங்கா இருக்கு பாரு!”

“அடுத்த மழைக்காவது சேர்த்துக் கொடுப்பீங்களா?”

“மழை நின்னதும் போயிடும். மிச்சம் வச்சா கணக்கு குழம்பும்.”

“நாங்க பாறைச்சுனைக்குப் போய்க் குடியேறிட்டா?”

“எங்கே குடியிருக்கேங்கறது கணக்கில்லை நொச்சி. எங்கே பொறந்தேங்கறதுதான்.”

ஆமை தலையை நீட்டி இரக்கத்தோடு சொன்னது: “நீ பாறைச்சுனையில பொறந்திருக்கலாம். இதையெல்லாம் முட்டையா இருக்கும்போதே யோசிக்கணும்மா!”

நொச்சி திரும்பி வந்தாள். அன்றிலிருந்து பாசிச் சாற்றையும் பாதியாக்கினாள். குமிழி முதலில் அழுதாள். பிறகு அழவில்லை. பாறையின் இடுக்கில் அசையாமல் கிடந்தாள். முன்னங்கால் முளைக்கவில்லை. நொச்சிக்கு அதில் ஒரு நிம்மதி.

“அம்மா, ஏரியில பாசி இருக்குமா?” என்று ஒருநாள் குமிழி கேட்டாள்.

“மலை மாதிரி இருக்கும்!”

“அங்கே நான் வளரலாமா?”

“எவ்வளவு வேணுமோ அவ்வளவு வளரலாம்!”

சில நாட்கள் கழித்து ஆமை ஏரியிலிருந்து திரும்பி, தாமரைக்குளத்தின் வழியே தன் சுனைக்குப் போனது. நொச்சி ஓடிப்போய் மறித்தாள். “அண்ணே! வாகையக்கா எப்படி இருக்காங்க?”

“அவளுக்கென்ன! கொசு தின்னு பருத்துட்டா.”

“பையன்?”

“இருக்கான். அவ்வளவு தண்ணி இருக்கு, நீந்தத்தான் தெம்பில்லை. கரையோரமாவே கிடக்கான். அவ பாசியை அள்ளி அள்ளிக் கொண்டுவந்து வைக்கறா, வாயைத் திறக்க மாட்டேங்கறான். பழக்கம் விட்டுப்போச்சு போல. வாலு மட்டும் அப்படியே இருக்கு. அழகான வாலு!”

ஆமை போய்விட்டது. நொச்சி பாறை இடுக்கை எட்டிப் பார்த்தாள். குமிழியின் வயிற்றுத் தோல் மெலிந்து, அதன் வழியே அடியிலிருந்த மணல் தெரிந்தது. ஒரு பாசித் துணுக்கு மிதந்துவந்து குமிழியின் வாயில் இடித்தது. குமிழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“சமத்து!” என்று எப்போதும் சொல்லும் சொல் நொச்சியின் வாய்வரை வந்தது. அவள் சொல்லவில்லை.

அன்று பகலிலேயே வானம் இருண்டது. நல்ல மழை. உடும்பு குச்சியைப் பிடுங்கிக்கொண்டு நடந்தது. நொச்சியின் கல்லைத் தாண்டி, இன்னும் இரண்டு கல் தாண்டி நட்டது.

“குமிழி! வந்துடுச்சு! நம்ம கல்லு வந்துடுச்சு!”

இலைத் துண்டில் மகளை வைத்து இழுத்துக்கொண்டு மதகுக்கு வந்தாள். உடும்பு குனிந்து ஒரு நெல்மணியைக் குமிழியின் வாலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தது. வால் நெல்மணி அளவுக்காவது இருக்க வேண்டும் என்பது சட்டம். சரியாக இருந்தது.

“பின்னங்கால் இருந்தாலும் வால் இருக்கு. பிள்ளைதான்!” என்றது உடும்பு. “நல்லா வச்சிருக்கே! போய் நில்லு.”

முன்னால் இரண்டு தவளைகள்தான் நின்றன. முதல் தவளையின் பின்னால் நான்கு தலைப்பிரட்டைகள். உடும்பு ஒவ்வொன்றாகச் சேறு தீட்டியது. “அஞ்சு,” என்றது. இரண்டாவது தவளை தனி. “ஆறு.”

நொச்சி முதுகைக் காட்டினாள்.

“ஏழு,” என்ற உடும்பு, வாலைத் தூக்கியபடி நின்றது. “ஒரு இடம்தான் இருக்கு நொச்சி. நீ வா. பிள்ளை நிக்கட்டும்.”

“பிள்ளைக்குத் தனிக் கல் வேண்டாம்னு சொன்னீங்களே!”

“கல்லுதான் வேண்டாம். இடம் வேணுமே! வால் இருந்தாலும் வயிறு ஒண்ணு இருக்கில்ல?”

“அப்ப நான் போனா இவ?”

“நீ ஏரிக்காரி ஆயிடுவே. ஏரிக்காரங்களோட பிள்ளைக்குத் தனி வரிசை இருக்கு. அங்கிருந்தே ஒரு கல் வை. சீக்கிரம் கூப்பிட்டுக்கலாம்.”

“எவ்வளவு சீக்கிரம்?”

“வால் இருக்கறவரைக்கும் சீக்கிரம். வால் போயிட்டா அது வேற வரிசை. அது கொஞ்சம் நீளம்.”

“வால் எப்ப போகும்?”

“அது என் வேலை இல்லை,” என்றது உடும்பு. பிறகு, கருணையோடு, “இல்லேன்னா ரெண்டு பேரும் அடுத்த மழைக்கு வாங்க. குச்சி பின்னாடி போகாம இருந்தா நீதான் முதல்! அதுவரைக்கும் வாலை மட்டும் பார்த்துக்கோ!”

பின்னாலிருந்து தவளைகள் கத்தின. “போறியா, இல்லையா? மழை விடப்போகுது!”

“பெத்தவ முகத்தைப் பாரு, கிடைச்ச இடத்தை விடறாளே!”

“நீ போகலேன்னா விலகுடி! என் கல்லும் குச்சிக்குள்ளதான் இருக்கு!”

நொச்சி ஏரியைப் பார்த்தாள். மதகுத் துவாரத்தின் வழியே அது ஒரு துண்டு மட்டும் தெரிந்தது. வெள்ளி மாதிரி. பிறகு இலைத் துண்டைப் பார்த்தாள். குமிழி வாயை இறுக மூடிக்கொண்டு, வாலைச் சுருட்டாமல் நீட்டி வைத்துக்கொண்டு கிடந்தாள். அளக்க வசதியாக.

நொச்சி விலகினாள். அடுத்த தவளை ஒரே தாவில் முன்னே வந்து முதுகைக் காட்டியது.

“ஏழு! தாமரைக்குளம் முடிஞ்சுது!” என்று உடும்பு கூவியது. “பாறைச்சுனை, ஏழு இடம் இருக்கு! பாறைச்சுனை! யாராவது உண்டா?”

யாரும் இல்லை. ஆமை தன் சுனையில் தூங்கிக்கொண்டிருந்தது. மழை நின்றது. ஏழு இடமும் போயிற்று.

“இந்த மழைக்கும் எல்லாக் குளத்துக்கும் சமமா நடந்தது!” என்று உடும்பு திருப்தியோடு குச்சியைத் துடைத்தது. இடம் கிடைக்காதவர்கள் உடும்பைத் திட்டினார்கள். இடம் கிடைத்த தவளையை எல்லோரும் வாழ்த்தினார்கள். கொக்குகள் கழுத்தை நீட்டி எண்ணிப் பார்த்துக்கொண்டன.

மதகின் அடிக்கல்லில், ஏரிப் பக்கமிருந்து கசியும் நீரில், பாசி தடித்து வளர்ந்திருந்தது. நொச்சி அதில் ஒரு கொத்தைப் பிய்த்தாள். மெல்லவில்லை. முழுசாக மகளின் வாயருகே வைத்து, வாய் திறக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

குளங்களை எண்ணிச் சமமாகப் பங்கு வைத்தவருக்கு நியாயம் செய்த நிம்மதி கிடைக்கும். குளத்தில் இருக்கும் பிள்ளைகளால் அந்த நிம்மதியைத் தின்று வளர முடியாது.