ரோஜாப் புழு யார் கையால் வந்தது?

வெகுகாலத்துக்கு முந்தி பூங்குளம் சீமையைக் குணதுங்கன் என்று ஒரு ராஜா ஆண்டார். கோபம் வந்தால் முதலில் தண்டனை, அப்புறம்தான் விசாரணை! அப்படிப்பட்ட மனுஷனுக்கு ரோஜாப்பூ என்றால் உயிர்.

ஒருநாள் காலையில் தோட்டத்துக்குள் போனவர் அலறியே விட்டார். இருநூறு செடியிலும் ஒரு மொட்டு பாக்கியில்லை, அத்தனையும் ஓட்டை! ஓட்டைக்குள் பச்சைப் புழு நெளிகிறது. உடனே சபை கூடியது.

"இந்தப் புழு எங்கிருந்து வந்தது? எந்தக் கை கொண்டுவந்து போட்டதோ அந்தக் கையை வெட்டு!"

தளவாய் செல்லப்பன் துள்ளி எழுந்து, ஓரமாய் நின்ற தோட்டக்காரி பச்சையம்மாவைக் காட்டினார். அவளை ராஜா சபையிலேயே புகழ்ந்த நாளிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல்.

"இவதான் பிரபு! இவளை விட்டா அந்தச் செடிகிட்ட யார் போறா? யார் கையா இருந்தாலும் வெட்டணும். தயவு தாட்சண்யமே கூடாது!"

பச்சையம்மா ராஜாவின் முன்னே வந்து கும்பிட்டாள். அவளுக்கு விஷயம் தெரியும். தெரிந்ததுதான் வம்பே! தன் வாயால் சொன்னால் கையோடு தலையும் போகும்.

"சாமி, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். உங்க கழுத்துல கிடக்கிற மாலை எந்தத் தோட்டத்துப் பூ?"

"என் தோட்டத்து ரோஜா!" ராஜாவுக்கு முந்திக்கொண்டு தளவாய் மார்பைத் தட்டினார். "ஆறு மாசமா தினமும் நானே பறிச்சு, நானே கட்டி, நானே ராஜாவுக்குப் போடறேன். இவ வளர்த்த பூ ஒண்ணுகூட அதுல கிடையாது!"

"அப்போ அந்த மாலையில ஒரு மொட்டைப் பிரிச்சுப் பாருங்க சாமி."

ராஜா பிரித்தார். பொத்தென்று ஒரு பச்சைப் புழு மடியில் விழுந்தது! மனுஷன் சிம்மாசனத்தின் மேலேயே ஏறி நின்றுவிட்டார். இன்னொரு மொட்டு, இன்னொரு புழு. அடப்பாவி, நாட்டை ஆளுகிறவர் கழுத்தில் ஆறு மாசமாகப் புழுவா!

"இது மண்ணுக்குள்ள இறங்கி, பூச்சியாகி வந்து, மொட்டுல முட்டை வைக்குதுங்க" என்றாள் பச்சையம்மா. "ஆனா இந்த மாலை தோட்டத்துக்கு எப்படி வந்துச்சோ?"

தளவாய் பதறிப்போனார். "நான் அங்கே காலே வைக்கலை பிரபு! சூடின மாலை மிதிபடக் கூடாதுன்னு தினமும் சாயங்காலம் ராஜாவேதான் தன் கையாலே செடி அடியிலே போட்டு..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். சொல்லியாச்சே!

ஐயோ, அந்த நிமிஷம்! அரிவாளோடு நின்ற சேவகன் ராஜாவையும் அரிவாளையும் மாறி மாறிப் பார்த்தான். பயத்தில் அரிவாள் கைநழுவி விழுந்தது. ராஜா தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார்.

"விசாரிக்காம உன் கையை எடுத்திருப்பேனே, பச்சையம்மா!"

"வெட்டின கை புழு பொறுக்காதுங்க சாமி. இன்னும் இருநூறு செடி கிடக்கு."

ராஜா முத்திரை மோதிரத்தைக் கழற்றி அவள் கையில் வைத்தார். "இனிமே நான் 'வெட்டு'ன்னு சொன்னா, இந்த மோதிரம் உன் கையிலிருந்து வந்தாத்தான் அந்தக் கட்டளை செல்லும். தளவாயே, நீர் தோட்டத்துக்குப் போம்!"

அன்றைக்கே தளவாய் முள்ளுக்கு நடுவே குனிந்து நின்றார். பச்சையம்மா கூடையை நீட்டினாள்.

"புழுவை மட்டும் எடுங்க, தளவாய் ஐயா. கை பத்திரம்!"