புல்வெட்டும் வண்டியின் இருக்கை

குரு உட்கார்ந்த இடத்தில் சீடர் உட்காரலாமா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

கூடவே கூடாது என்பதில் வேலாயுதத்துக்குச் சந்தேகமே இல்லை. தபால் ஆபீசில் ஓய்வு பெற்று, மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தவர். குருவான தவமணி அம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. இருந்தால் என்ன? அம்மாவின் நிழலைக்கூட மிதிக்க மாட்டார்.

ஆசிரமத்தில் புல் வெட்ட ஒரு பேட்டரி வண்டி உண்டு. ஏறி உட்கார்ந்து ஓட்டுவது. யாரோ காணிக்கையாகக் கொடுத்தது. அம்மாதான் அதை ஓட்டுவார். கால் சுளுக்கிக்கொண்டதும், "இந்தத் தடவை நீங்க வெட்டிடுங்க ஐயா" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை திடலில் பிள்ளைகளுக்குப் பந்தி. புல்லோ முழங்கால் உயரம். முந்தின நாள்தான் அதற்குள் ஒரு விரியன் நெளிந்து போயிருந்தது.

வேலாயுதம் இருக்கையில் சால்வை விரித்தார். மல்லிகைச் சரம் வைத்தார். கால் வைக்கிற பலகையில் நின்றபடியே சாவியைத் திருகி, மிதியை அழுத்தினார்.

விளக்கு எரிந்தது. வண்டி அசையவில்லை.

சார்ஜ் நிறைய இருந்தது. ஒயர்கள் இறுக்கமாகத்தான் இருந்தன. சாவியை எடுத்துவிட்டு, அடியில் பிளேடைச் சுற்றியிருந்த புல்லைப் பிடுங்கிப் போட்டார். மறுபடி திருகினார். ஊஹூம். சோற்றைக் கண்டு வாயை இறுக்கிக்கொள்கிற பிள்ளை மாதிரி நின்றது.

சாயங்காலம் பையும் கையுமாக அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"வண்டிக்கே என் லட்சணம் தெரிஞ்சுபோச்சும்மா. நான் ஊருக்குக் கிளம்புறேன்."

"கிளம்பலாம். முதல்ல வண்டியைப் பார்ப்போம்."

அம்மா நொண்டிக்கொண்டே வந்தார். மல்லிகைச் சரத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"எப்படி ஓட்டிப் பார்த்தீங்க?"

"நின்னுக்கிட்டுத்தான்."

"ஏன்?"

"அது நீங்க உட்கார்ந்த இடம்மா."

அம்மா பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆள் உட்கார்ந்தாத்தான் இது ஓடும். ஓட்டுறவங்க தவறி விழுந்தா பிளேடு நின்னுடணும்னு அப்படிச் செஞ்சிருக்காங்க. உட்காருங்க."

வேலாயுதம் பையைக் கீழே வைத்தார். இருக்கையின் நுனியில் பட்டும் படாமலும் ஒட்டிக்கொண்டு சாவியைத் திருகி மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளையா நீங்க? நல்லா உட்காருங்க ஐயா!"

கண்ணை மூடிக்கொண்டு முழுசாக உட்கார்ந்தார். திருகினார். மிதித்தார். விர்ரென்று பிளேடு சுற்றியது. வண்டி நகர்ந்தது. வெட்டுண்ட புல் வாசம் குப்பென்று எழும்பியது.



"என்னையும் உட்கார வச்சுட்டீங்களேம்மா!" என்று காலில் விழுவதற்காக எழுந்தார்.

வண்டி நின்றுபோனது.

"எழுந்திரிக்காதீங்க ஐயா, நன்றியை உட்கார்ந்தே சொல்லுங்க. இருட்டுறதுக்குள்ள வேலி வரைக்கும் வெட்டிட்டு வந்துடுங்க. காலையில பிள்ளைங்க உட்காரணும்."