மஞ்சள் கவுன் போட்ட நாற்காலி

குருவுக்கு வயது இருபத்தொன்பது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. தலைகீழாக இருக்கிறதே என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

தேரிக்காட்டின் ஓரத்தில், செம்மண் மேட்டுக்குக் கீழே, சுற்றிலும் வலை கட்டிய மைதானம் ஒன்று. அங்கே இசக்கியம்மாள் ட்ரோன் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாள். நாற்பது நாள் படிப்பு. வருகிறவர்களில் பாதிப் பேர் வயலுக்கு மருந்து தெளிக்கிறவர்கள், மீதிப் பேர் கல்யாண வீட்டில் படம் பிடிக்கிறவர்கள்.

ஞானதிரவியம் கல்யாண வீட்டு ஆள். இருபத்தெட்டு வருஷமாக உடன்குடிப் பக்கத்துக் கல்யாணங்களில் அவர் கேமராவுக்கு முகம் காட்டாத மாப்பிள்ளை குறைவு. முதல் நாள் அவர் பையும் கையுமாக வந்து நின்றபோது இசக்கியம்மாள் கேட்டாள்.

“ஏற்கெனவே ஓட்டியிருக்கீங்களா, அண்ணாச்சி?”

“ஓட்டியிருக்கேன், மேடம்.”

“யார் சொல்லிக்கொடுத்தா?”

“யாரும் இல்ல. பெட்டியைப் பிரிச்சேன், பறக்கவிட்டேன்.”

“பிறகு என்னத்துக்கு இங்க வந்தீங்க?”

அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு பிள்ளை என்கிட்ட ஒரு கேள்வி கேட்டா. அதுக்குப் பதில் தெரியணும்.”

எட்டு மாசத்துக்கு முன்னால் நடந்தது அது. தங்கை லில்லிபுஷ்பத்தின் கொழுந்தனுக்குக் கல்யாணம். சர்ச் வளாகத்தில் ஞானதிரவியம் தன் புது ட்ரோனை முதல் முறையாக மேலே ஏற்றினார். தென்னைக்கும் முகப்புக்கும் நடுவே கட்டியிருந்த சீரியல் லைட் வயரில் அது உரசியது. இறக்கை ஒன்றின் ஓரம் உடைந்து, மெஷின் தள்ளாட ஆரம்பித்தது. அவர் அதைத் தன் பக்கம் இழுத்தார். அது அவரிடம் வராமல், போட்டோவுக்காக வரிசையாக நிறுத்தியிருந்த பிள்ளைகள் பக்கம் போனது. வரிசையில் மூன்றாவதாக நின்றவள் லில்லிபுஷ்பத்தின் மகள் ஜாஸ்லின். ஒன்பது வயது. இடது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்த பிள்ளை மாமாவை ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, “மாமா, அது ஏன் நேரா என்கிட்ட வந்துச்சு?” என்று மட்டும் கேட்டது. அன்று வெளியே வந்த மனுஷன்தான், அதன் பிறகு தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. லில்லிபுஷ்பம் நாலு தடவை சொல்லி அனுப்பினாள், பிள்ளை மாமாவைத் தேடுகிறாள் என்று. கையில் பதில் இல்லாமல் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

இசக்கியம்மாள் கடைசிவரை கேட்டாள். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். அவள் சொல்லவில்லை.

“நாளைக்கு வரும்போது வீட்டு ஆள் ஒருத்தர் துணி கொண்டுவாங்க,” என்றாள்.

அந்த மைதானத்து வழக்கம் அது. பறக்கிற இடத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கும். படிக்க வருகிற ஒவ்வொருவரும் தன் வீட்டு ஆள் ஒருவரின் துணியை ஒரு நாற்காலிக்குப் போர்த்த வேண்டும். துணி யாருடையதோ அவர் அங்கே உட்கார்ந்திருப்பதாகக் கணக்கு. மெஷின் அந்த நாற்காலியைத் தொடவே கூடாது. வெறும் நாற்காலியில் மோதினால் எல்லாரும் சிரிப்பார்கள். பெண்டாட்டி சேலையில் மோதினவனுக்குச் சிரிப்பும் வராது, விஷயம் தெரிந்தால் ராத்திரி சோறும் வராது.

ஒருவர் அம்மாவின் சேலையைக் கொண்டுவந்திருந்தார். இன்னொருவர் மகனுடைய பள்ளிக்கூடச் சட்டையை. ஞானதிரவியம் கொண்டுவந்தது தன் சொந்தச் சட்டை. இசக்கியம்மாள் அதைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள், பேசாமல் வாங்கி நாற்காலியில் போட்டாள்.

முதல் வாரம் அவரவர் மெஷினை அவரவரே பாகம் பாகமாகப் பூட்ட வேண்டும். ஞானதிரவியம் மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டு ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினார். பூட்டி முடித்ததைப் பார்த்துவிட்டு இசக்கியம்மாள் கேட்டாள்.

“கல்யாணத்துல ஓட்டுன மெஷின்ல, அவசரத்துக்கு மோட்டாரை எப்படி நிறுத்தணும்?”

“ரிமோட்ல இருக்கிற ரெண்டு குச்சியையும் கீழ, உள்பக்கமா இழுத்துப் பிடிக்கணும், மேடம்.”

“சரி. இதுலயும் அப்படியே வச்சுத் தாரேன்.”

பன்னிரண்டாம் நாள், மெஷினின் மூக்கு நம்மைப் பார்த்து இருக்கும்போது ஓட்டுகிற பாடம். அப்போது நமக்கு வலது, அதற்கு இடது. குச்சியை ஒரு பக்கம் தள்ளினால் அது மறுபக்கம் போகும். புதிதாக வருகிற எல்லாருக்கும் அங்கேதான் கை தடுமாறும். ஞானதிரவியம் வெயில் பார்க்காமல், சாப்பாட்டு நேரம் பார்க்காமல் அதையே பழகினார். இருபதாம் நாள் மத்தியானம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“மேடம், பதில் கிடைச்சிட்டு!”

“சொல்லுங்க.”

“அன்னைக்கு மூக்கு என்னைப் பாத்து இருந்துச்சு. நான் ஒரு பக்கம் இழுத்தேன், அது மறுபக்கம் போச்சு. அங்கதான் பிள்ளை நின்னா. பழக்கம் இல்லாத கை, மேடம். வேற ஒண்ணும் இல்ல.”

“நல்லது. நாலேகாலுக்கு உடன்குடி பஸ் இருக்கு. போய்ச் சொல்லிட்டு வாங்க.”

அவர் முகம் கழுவி, தலை சீவி, ரோட்டுக்குப் போனார். பஸ் வந்தது. கண்டக்டர், “ஏறுதீங்களா இல்லையா?” என்று சத்தம் போட்டார். பஸ் போய்விட்டது. ஞானதிரவியம் திரும்பி வந்து வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“போகலையா, அண்ணாச்சி?”

“சொல்லிப் பாத்தேன், மேடம். வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்தேன். எனக்கே பத்தல.”

“அப்ப நாளைக்கு வாங்க,” என்றாள்.

முப்பத்தெட்டாம் நாள் கடைசிப் பரீட்சை. யாருக்கும் தெரியாமல் காலையிலேயே இசக்கியம்மாள் எல்லா மெஷினிலும் ஒரு இறக்கையின் நுனியைக் கட்டிங் பிளேயரால் கொஞ்சம் நறுக்கி வைத்திருந்தாள். ஞானதிரவியத்தின் முறை வந்தது. மெஷின் இருபதடி ஏறியதும் ஆட்டம் கண்டது. போதாததற்குக் காற்றும் அதை நாற்காலிகள் பக்கமாகத் தள்ளியது. வலைக்குப் பின்னால் நின்றவர்கள், “ஐயையோ” என்றார்கள்.

ஞானதிரவியம் அசரவில்லை. கட்டைவிரல் இரண்டும் தானாக வேலை செய்தன. மெஷினைப் பிடித்து, திருப்பி, தன் சட்டை போட்ட நாற்காலிக்கு ஒரு சாண் தள்ளி உரசாமல் கொண்டுவந்து, காலடியில் பூப்போல இறக்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். ஒன்பது மாசத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“மெஷினுக்கு என்ன ஆச்சு?” என்று இசக்கியம்மாள் கேட்டாள்.

“ஒரு கீறல் கிடையாது, மேடம்!”

“அப்ப ஃபெயில்.”

கைதட்டல் நின்றது. மற்றவர்களைச் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு அவள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஆட ஆரம்பிச்சப்ப அதுக்கு அடியில என்ன இருந்துச்சு, அண்ணாச்சி?”

“மண்ணு.”

“எவ்வளவு நேரம் மண்ணுக்கு மேல நின்னுச்சு?”

அவர் திரும்பி மைதானத்து மண்ணைப் பார்த்தார்.

“மூணு செகண்டு. நான் எண்ணுனேன்,” என்றாள். “கல்யாணத்தன்னைக்கு அடியில என்ன இருந்துச்சு?”

ஞானதிரவியம் கையில் இருந்த ரிமோட்டைக் கீழே வைத்தார்.

“அன்னைக்கும் மண்ணுதான். சர்ச் முத்தத்து மண்ணு. ஒரு ஈ காக்கா கிடையாது.”

“எவ்வளவு நேரம்?”

“மூணு செகண்டு. நாலு கூட இருக்கும்.”

“மோட்டாரை நிறுத்தத் தெரியாதா, அப்ப?”

“தெரியும், மேடம். நல்லாத் தெரியும்.”

“பிறகு?”

அவர் கீழே கிடந்த ரிமோட்டைப் பார்த்தார்.

“புது மெஷின், மேடம். மேல ஒட்டியிருந்த கண்ணாடித் தாளைக்கூட நான் உரிக்கல. போலீஸ்ல காத்துன்னு சொன்னேன். தங்கச்சிகிட்ட கை தப்பிட்டுன்னு சொன்னேன். பாவம், நம்பிட்டா. ஊரே நம்பிட்டு. நானும் நம்பிட்டேன். அந்தப் பிள்ளை மட்டும்தான் கேட்டா.”

மேட்டிலிருந்து செம்மண் காற்றோடு இறங்கி வந்துகொண்டிருந்தது.

“இங்க வந்த அத்தனை பேரும் முதல்ல மெஷினத்தான் காப்பாத்துனாங்க,” என்றாள் இசக்கியம்மாள். “நானும்தான்.”

அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். அவள் நாற்காலியில் கிடந்த அவர் சட்டையை எடுத்து நீட்டினாள்.

“நாளைக்கு இந்தச் சட்டை வேண்டாம். வேற துணி கொண்டுவாங்க.”

“யாருதை?”

“நான் வேற சொல்லணுமா?”

அந்தப் பிள்ளையின் துணிக்கு அவர் எங்கே போவார்? அந்த வீட்டுக்குள் போகிற தைரியம் இருந்தால் இங்கே ஏன் வருகிறார்? சாயங்காலம் பஜாரில் ஒரு துணிக்கடைக்குப் போனார். பெண்பிள்ளைக் கவுன் வேண்டும் என்றார். கடைப்பெண் வயது கேட்டாள்.

“ஒன்பது. இல்ல… இப்ப பத்து ஆயிருக்கும்.”

“உயரம்?”

அவர் கையை நெஞ்சுக்கு நேராக வைத்தார். கொஞ்சம் மேலே தூக்கினார். திரும்ப இறக்கினார். ஒன்பது மாசத்தில் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று அவருக்குத் தெரியவில்லை. பிறந்த அன்று முதல் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளுக்கு உடுப்பு எடுத்துக்கொடுத்தது அவர்தான்.

“பிள்ளையைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா, அண்ணாச்சி,” என்றாள் கடைப்பெண்.

அவருக்குக் கண் கலங்கியது. முன்னால் கிடந்த மஞ்சள் கவுனைக் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் மூன்று மணிக்கு இசக்கியம்மாள் அந்த மஞ்சள் கவுனை நாற்காலிக்குப் போட்டாள். காற்றில் பறந்துவிடாமல் இரண்டு தோளிலும் துணிக்கிளிப் மாட்டினாள். தூரத்திலிருந்து பார்க்க ஒரு பிள்ளை முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பது மாதிரிதான் இருந்தது. ஞானதிரவியம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இந்தத் தடவை அவர் கண் முன்னாலேயே இறக்கையின் நுனியை நறுக்கினாள்.

“ஏத்துங்க,” என்றாள்.

மெஷின் ஏறியது. ஒவ்வொரு திருகாணியும் அவர் முடுக்கியது. முப்பது நாளுக்கு மேலாக ராத்திரி துடைத்து, துணி போர்த்தி வைத்தது. இருபதடியில் ஆட்டம் கண்டது. மூக்கு அவரைப் பார்த்து இருந்தது. காற்று அதை மஞ்சள் கவுன் பக்கம் தள்ளியது. அடியில் வெறும் மண். பிடித்துவிடலாம் என்று கை சொன்னது. நேற்றும் பிடித்தோமே, இன்றும் பிடித்துவிடலாம்.

ஞானதிரவியம் இரண்டு குச்சியையும் கீழே, உள்பக்கமாக இழுத்துப் பிடித்தார்.

இரைச்சல் நின்றது. மெஷின் மண்ணில் விழுந்தது. ஒரு தென்னம்மட்டை விழுந்தால்கூட அதைவிடப் பெரிய சத்தம் கேட்டிருக்கும். இறக்கையைத் தாங்குகிற கை ஒன்று ஒடிந்து தொங்கியது, பேட்டரி தெறித்துத் தனியே கிடந்தது. கவுன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. யாரும் கை தட்டவில்லை.

“பாஸ்,” என்றாள் இசக்கியம்மாள்.

அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. தன் இரண்டு கட்டைவிரலையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மேடம்.”

“சொல்லுங்க.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான், அண்ணாச்சி.”

அவர் அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கல்யாண நாளிலிருந்து உள்ளே கட்டிவைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. அரைச் செகண்டு. ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பதிலாகத்தான் பிள்ளையின் கண். வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார்.

“கஷ்டமா இருந்திருந்தாலாவது நல்லா இருந்திருக்குமே, மேடம். என்னால முடியாததா இருந்திருக்கக் கூடாதா? இதைப் போய் அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்? கேட்டபிறகு அவ என் மூஞ்சில முழிப்பாளா?”

இசக்கியம்மாள் நாற்காலிப் பக்கம் போனாள். கிளிப்பைக் கழற்றி, கவுனை எடுத்து, மண்ணை உதறினாள். ஒரு பிசிறு இல்லை. நாலாக மடித்துக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“நாலேகால் பஸ் இன்னும் வரல,” என்றாள்.