முயல் கொடுத்த வெள்ளை

அந்தக் காலத்தில் முயலுக்குப் பேச்சும் இருந்தது, பயமும் இருந்தது. இப்போது பயம் மட்டும்தான் மிச்சம். அன்றைக்கெல்லாம் அது வருஷம் முழுக்க வெள்ளையாகவே திரிந்தது.

ஜப்பானில் பனி கொட்டும் ஒரு மலையூரில் கினு என்றொருத்தி நாட்காட்டி செய்துவந்தாள். மாதத்துக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு படம். கெட்டித்தாளில் படத்தை வெட்டி, அந்த ஓட்டைகள் வழியாக அரிசிப் பசையைத் தேய்ப்பாள். மேலே சாயம் பூசிக் காயவைத்து அலசினால் பசை கரைந்துவிடும். பசை இருந்த இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்கும். சுவரில் தன் படத்தைப் பார்த்தால்தான் எந்த மாதமும் ஊருக்குள் வரும். அவ்வளவு வீம்பு!

மறுநாள் புத்தாண்டு. முதல் மாதத்தின் பனிக்குன்று மட்டும் பாக்கி. தேதிகளைக் கருப்பு மையில் எழுதிவிட்டுக் கினு பசைச் சட்டியைத் திறந்தாள். சட்டி காலி. பக்கத்தில் மீசையெல்லாம் பசையாக ஒரு முயல்.

"அடப்பாவி! விதைநெல்லைத் தவிர ஊரிலிருந்த கடைசி அரிசி அது. முதல் மாதம் வராவிட்டால் வசந்தம் எப்படியடா வரும்? விதைநெல்லை எப்போது விதைப்போம்?" கினு காலிச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"மூன்று நாள் பட்டினி, அக்கா. சோறென்று நினைத்துவிட்டேன்." முயல் தாளை எட்டிப் பார்த்தது. "குன்று எவ்வளவு பெரிசு?"

"உன்னளவுதான்."

"அப்படியென்றால் பசைக்குப் பதில் நான். என்மேல் சாயத்தைப் பூசுங்கள்" என்று தாளின் நடுவில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது.

"பைத்தியமா உனக்கு? சாயம் ஒட்டிக்கொள்ளும். பனியில் பழுப்பாய்த் திரிந்தால் நரி விடுமா?"

"தின்றது நான்தானே, அக்கா."

கினு மனசைக் கல்லாக்கிக்கொண்டு மரப்பட்டைச் சாயத்தைப் பூசினாள். காயும்வரை முயல் அசையவில்லை. முயலுக்கு அதைவிடக் கஷ்டம் வேறென்ன? பிறகு காதுகளின் நுனியைப் பிடித்துத் தூக்கினாள். தாளில் வெள்ளைக் குன்று. கையில் பழுப்பு முயல். அவள் விரலில் இருந்த மை காது நுனிகளில் அப்பிவிட்டது. வேலிக்கு வெளியே நரி மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றது. முயல் அழுதது, கினுவும் அழுதாள்.

விடிந்ததும் தாளை மாட்டினாள். முதல் மாதம் வாசலுக்கு வந்து, "நல்ல வெள்ளை!" என்றது.

கினு வாசலை மறித்துக்கொண்டாள். "அது இரவல். உரியவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே வா."

மாதம் கோபித்துக்கொண்டு போய்விட்டால் ஊரே பாழ். அது தெரிந்தும் அவள் நகரவில்லை. மாதம் அவளை உற்றுப் பார்த்துச் சிரித்தது. "சரி, பனி கிடக்கும்வரை அவனுடையது. உருகியதும் என் படத்துக்கு."

அந்த நிமிஷமே முயல் வெளுத்தது. வெளியே ஓடிப் பனியில் பதுங்கியது. நரி அதன் பக்கத்திலேயே நடந்து போனது, ஒன்றும் தெரியவில்லை.

"காதில் கருப்பு அப்படியே இருக்கிறதே?" என்றாள் கினு.

"சாயம் என் பொறுப்பு. மை உன் கைவேலை" என்று சொல்லிக்கொண்டே மாதம் ஊருக்குள் நுழைந்தது.

பனிநாட்டு முயல் குளிரில் வெளுப்பதும் பனி உருகியதும் பழுப்பாவதும் அன்று முதல்தான். காது நுனியில் மட்டும் கினுவின் விரல் மை இன்னும் போகவில்லை.