ஏணியச் சுத்திப் போன ஊரு

ஒரு ஊர்ல ஒரு பலாமரம் இருந்துச்சு கண்ணு. நாலு பேரு கைகோத்து நின்னாத்தான் கட்டிப்பிடிக்க முடியும், அம்மாம் பெருசு. அதுல காய்க்கிற பழம் ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி கனம் கனக்கும். அந்த மரத்துல ஏறிப் பழம் வெட்டுறவ பேரு கொளஞ்சி. ம் சொல்லு.

"ம்."

கொளஞ்சிக்கு அவங்கப்பா ஒரு மூங்கில் ஏணி செஞ்சு குடுத்திருந்தாரு. காலையில அவ வீட்டுக்காரன் பழத்த வண்டியில ஏத்திக்கிட்டு சந்தைக்குப் போயிடுவான். இவ ஏணியச் சாத்தி, கடகடன்னு ஏறி, பழத்துக் காம்புல கயித்தக் கட்டி, கயித்த ஒரு கிளைமேல போட்டுக் கையில பிடிச்சுக்குவா. அப்புறம் அரிவாளால சரக்குன்னு அறுத்து, மெள்ள மெள்ள கீழ எறக்குவா.

ஆனா ஒரு தொல்லை. பழம் தொங்குற கிளை குளத்துக்குப் போற வழிக்கு மேல நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அதனால ஏணியையும் வழியிலதான் சாத்தணும். சுத்திப் போகலாம், இருபது எட்டுதான். ஆனா அந்தப் பக்கம் பூராவும் நெருஞ்சி முள்ளு. செருப்பில்லாத கால்ல முள்ளு குத்துமேன்னு எல்லாரும் ஏணிக்கு அடியிலயே பூந்து போவாங்க.

அப்போ ஒரு நாள், அய்யாக்கண்ணுன்னு ஒரு பெரிய மீசைக்காரரு வந்தாரு.

"மாமா, சுத்திப் போங்க. மேல பழம் அறுக்குறேன்."

"உன் பழம் விழறதுக்குள்ள நான் குளத்துக்கே போயிடுவேன் போ!"

சொல்லிக்கிட்டே அண்ணாந்து பாத்தாரா? மேலேருந்து பலாப்பாலு பொட்டு! பொட்டு! நேரா மீசையில. மீசையும் உதடும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. "ம்ம்ம், ம்ம்ம்"னு மாடு மாதிரி கத்திக்கிட்டே வீட்டுக்கு ஓடுனாரு. எண்ணெயத் தேச்சுத் தேச்சு, பாதி மீசைதான் மிஞ்சிச்சு. சிரிக்காத, தூக்கம் போயிடும்.

மறுநா கொளஞ்சி ஒரு முள்ளுக்கிளைய வெட்டி ஏணிக்கு முன்னால போட்டா. அப்போ சட்டிப்பானை விக்கிற உண்ணாமலை, தலையில ஏழு பானைய அடுக்கிக்கிட்டு வந்தா.

"அக்கா, முள்ளு போட்டிருக்கேன் பாருங்க. சுத்திப் போங்க!"

"வழி உங்க அப்பன் வீட்டுதாடி?"ன்னு முள்ளக் காலால தள்ளிட்டு உள்ள பூந்தா. மேல் பானை ஏணியில இடிச்சுது. ஏணி கிடுகிடுன்னு ஆட, கொளஞ்சி கிளையக் கட்டிக்கிட்டா. கீழ டமால், டமால், சடசடசட! ஏழு பானையும் போச்சு. உண்ணாமலை மண்ண வாரித் தூத்திட்டுப் போனா.

அன்னிக்குச் சாயந்திரம் கொளஞ்சிக்குச் சோறு எறங்கல. அவ மாமியா பூங்காவனம், "ஏண்டி சாப்பிடல?"ன்னு கேட்டா.

"பயமா இருக்கு அத்தை. என் கையால யாரு உசுராவது போயிடுமோன்னு இருக்கு. நாளைக்கு நீங்களாவது சுத்திப் போங்க."

"எனக்குத் தெரியாதா? நீ நல்லா சத்தம் போட்டுச் சொல்லணும்டி. உனக்கு வாயே இல்ல."

பூங்காவனத்துக்குக் காது கொஞ்சம் மந்தம். அவகிட்ட யாரு சொன்னாலும் சத்தம் பத்தாது. ம்?

"...ம்."

மூணாம் நாளு. இருக்குறதுலயே பெரிய பழம். கொளஞ்சி கயித்தக் கட்டி அறுத்துட்டா. பழம் தொங்குது. அப்போ தண்ணிக் குடத்தத் தலையில வச்சுக்கிட்டு யாரு வரா? பூங்காவனம்! நெருஞ்சியப் பாத்தா, வழியப் பாத்தா, விடுவிடுன்னு ஏணிக்கு அடியில வந்துட்டா. வந்தவ போயிருக்கலாம்ல? குடத்துக்கு அடியில சுருட்டி வச்ச சும்மாடு நழுவுதுன்னு அங்கயே நின்னு குடத்த எறக்கிச் சரி பண்ணுறா.

"அத்தை! அத்தை! தள்ளுங்க!"

காதுல விழல. பலாப்பாலு ஒட்டக்கூடாதுன்னு கையில எண்ணெய் தேச்சிருந்தா, கயிறு வழவழன்னு நழுவுது. சர்ர்ர்... பழம் எறங்குது. கொளஞ்சி ஒண்ணும் யோசிக்கல. கயித்தத் தன் கையில ரெண்டு சுத்து சுத்திக்கிட்டா. கயிறு தோல அறுக்குது. பழம் பூங்காவனம் தலைக்கு ஒரு சாண் மேல வந்து நின்னுச்சு.

நெழல் விழுதேன்னு பூங்காவனம் அண்ணாந்தா. "அய்யோ!"ன்னு குடத்தப் போட்டுட்டு ஒரே ஓட்டம். அவ தள்ளிப் போனதப் பாத்தப்புறந்தான் கொளஞ்சி கைய விட்டா. கையில சுத்துன கயிறு அவளையும் சேத்துச் சுண்டி இழுத்துச்சு. பழம் தொப்! ஏணி படார்! கொளஞ்சி, பாவம், பொத்துனு மண்ணுல.

பயப்படாத கண்ணு, உசுருக்கு ஒண்ணும் ஆகல. கைதான் ஒடிஞ்சு போச்சு. வைத்தியரு வந்து மூங்கில் பத்தை வச்சுக் கட்டுப் போட்டாரு. பூங்காவனம் அழுதுகிட்டே மருமவளுக்குச் சோத்த ஊட்டுனா.

அப்புறம் ஊரே வந்துச்சு. "என்னா ஆச்சு, என்னா ஆச்சு?"

பூங்காவனத்துக்கு வெக்கமாப் போச்சு. மருமவ சொல்லியும் கேக்கலன்னு எப்படிச் சொல்லுவா? முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு, "ஏணிக்கு அடியில போனேன்... அதான். அங்க என்னமோ இருக்கு. போனா வெளங்காது"ன்னுட்டா.

அவ்வளவுதான்! அய்யாக்கண்ணு குதிச்சாரு: "ஆமாமா! எம்மீசை போனதும் அங்கதான்!" உண்ணாமலை நெஞ்சுல அடிச்சுக்கிட்டா: "ஏழு பானை! ஏழும் அங்கதான்!" ஏணிக்கு அடியில போனதும் மாடு உதைச்சுதாம் ஒருத்தர. கல்யாணம் தட்டிப்போச்சாம் இன்னொருத்தருக்கு.

உள்ள படுத்திருந்த கொளஞ்சிக்குக் கோவம் வந்துச்சு. எல்லாரும் போனப்புறம், "எங்கப்பா செஞ்ச ஏணி. அது உங்கள என்னா பண்ணுச்சு அத்தை?"ன்னு கேட்டா.

பூங்காவனம் தலையக் குனிஞ்சுக்கிட்டா. "ஒண்ணும் பண்ணல. நாந்தான் உன் பேச்சக் கேக்கல. ஊரு சிரிக்குமேன்னு சொல்லிட்டேன்டி. கை கூடட்டும், நானே எல்லாருகிட்டயும் உண்மையச் சொல்லிடறேன்."

ம்? தூங்கிட்டியா?

"...ம்."

அப்புறம் கையும் கூடுச்சு, பலாவும் மறுபடி காய்ச்சுது. கொளஞ்சி ஏணியச் சாத்தி மேல ஏறுனா. மேலேருந்து பாத்தா, அய்யாக்கண்ணு வராரு. ஏணியப் பாத்தாரு, டக்குனு நின்னாரு. "ஸ்ஸ்... ஆ... ஸ்ஸ்..."ன்னு நெருஞ்சியில நொண்டி நொண்டிச் சுத்திப் போறாரு. பின்னாலயே உண்ணாமலை. அவளும் சுத்தித்தான்! எத்தனை கால் நடந்துச்சோ, நாலே நாள்ல நெருஞ்சியெல்லாம் மிதிபட்டு அங்க ஒரு புது வழியே விழுந்துடுச்சு. கொளஞ்சி பயமில்லாம ஒவ்வொரு பழமா எறக்குனா.

அப்போ குடத்தோட பூங்காவனம் வந்தா. அவளும் புது வழியாவே சுத்திப் போனா.

கொளஞ்சிக்குச் சிரிப்பு தாங்கல. நல்லா சத்தமாக் கேட்டா: "அத்தை! அது நீங்க சொன்ன பொய்யிதானே? உண்மையச் சொல்லிடறேன்னீங்க, நீங்களுமா சுத்திப் போறீங்க?"

பூங்காவனம் நின்னு, அண்ணாந்து, ஏணிய ஒரு பார்வை பாத்தா.

"நாந்தான் சொன்னேன். ஆனா ஊரே சொல்லுதேடி! எதுக்கு வம்பு?"

அப்படியே குடத்த இடுப்புல சாச்சுக்கிட்டுக் குளத்துக்குப் போயிட்டா. கொளஞ்சி சிரிச்ச சிரிப்புல கிளையெல்லாம் குலுங்கிச்சு. அன்னியிலேருந்து அந்த ஊர்ல ஒருத்தரும் ஏணிக்கு அடியில போறதில்ல.

ம்?

ம் வரல. சரி, கதை எறங்கிடுச்சு, கண்ணும் மூடிடுச்சு. தூங்கு சாமி.