உறைக்குக் கொஞ்சம் மோர்

மங்கையர்க்கரசி அம்மாளைவிட அவருடைய சீடர் தணிகாசலம் பதினைந்து வயது மூத்தவர். கூடுவாஞ்சேரியில் ஒரு அரிசிக் கடைக்கு மேலே நீளமாக ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே வந்து அம்மாளோடு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சும்மா இருக்கக் கற்றுக்கொள்வதற்காக இரண்டு பஸ் மாறி வருகிறவர்களும் உண்டு.

அன்று எல்லோரும் போன பிறகும் தணிகாசலம் எழுந்திருக்கவில்லை.

“என்ன ஐயா?” என்றார் அம்மாள்.

“ஒரு கேள்விம்மா. ஊரப்பாக்கத்து வீட்டைப் பூட்டிட்டு மாம்பலத்துக்குக் குடி போயிடலாம்னு பார்க்கிறேன். போகவா, இருக்கவா?”

“மாம்பலத்துல என்ன இருக்கு?”

“சத்தம் இருக்கும்மா. ஜன்னலைத் திறந்தா ஆள் தெரியும். இங்க என் வீட்டுக்கு ரெண்டு பக்கமும் காலி மனை. கோமளா போய் ஒரு வருஷம் ஆச்சு. நேத்து பூரா நான் வாயைத் திறந்து பேசினது ஒரே ஒரு தடவை. பால் கடையில. ‘அரை லிட்டர்’னு சொன்னேன்.”

அம்மாள் சிரிக்கவில்லை.

“எதிர்ல?”

“எதிர்ல ஒரு வீடு இருக்கு. ஒரு அம்மா இருக்காங்க.”

“அவங்க பேரு?”

தணிகாசலம் யோசித்தார். அந்த வீட்டுக்கு எதிரில் அவர் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறார். வேலையில் இருந்தவரை காலை ஆறேகாலுக்கு மின்ரயிலில் போய் ராத்திரி எட்டரைக்கு மின்ரயிலில் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமையானால் தூக்கம். புறநகரில் வீடு கட்டிய முக்கால்வாசி ஆண்களுக்கு அது செருப்பைக் கழற்றி விடுகிற இடம்தான். அக்கம்பக்கம் எல்லாம் மனைவி கோமளாவின் இலாகா.

“தெரியலம்மா.”

“வீட்ல தயிருக்கு என்ன பண்றீங்க?”

“பாக்கெட்தான்.”

“இந்த வாரம் பாலைக் காய்ச்சி நீங்களே உறை ஊத்துங்க. உறைக்கு மோர் கடையில வாங்கக் கூடாது. யார் வீட்லயாவது போய்க் கேட்டு வாங்கணும். தயிர் ஆனதும் வந்து சொல்லுங்க. அப்புறம் உங்க கேள்வியைப் பார்ப்போம்.”

தணிகாசலத்துக்குச் சற்று ஏமாற்றம்தான். மிச்ச நாளை எங்கே கழிப்பது என்று கேட்டால், குரு மோர் வாங்கி வரச் சொல்கிறார். இருந்தாலும் குரு சொன்னால் சொன்னதுதான்.

திங்கட்கிழமை விடிந்ததுமே பாலைக் காய்ச்சிவிட்டார். எதிர் வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை. இத்தனை வருடம் பேர்கூடக் கேட்காத மனிதன் போய் நின்று மோர் கேட்பதா? காலையில், அவர்களுக்கு வேலை இருக்கும் என்று தள்ளிப்போட்டார். மத்தியானம், தூங்குவார்கள் என்று தள்ளிப்போட்டார். கேட்க வேண்டிய வாக்கியத்தைச் சமையலறையில் நின்று இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் சட்டையை மாற்றிக்கொண்டு, டம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டு அவர் தெருவைக் கடந்தபோது மணி ஆறரை.

எதிர் வீட்டுக்காரம்மா கதவைத் திறந்தார். உள்ளே கூடத்தில் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“உறைக்குக் கொஞ்சம் மோர் கிடைக்குமாம்மா?”

எதிர் வீட்டுக்காரம்மா டம்ளரைப் பார்த்தார். திரும்பி விளக்கைப் பார்த்தார்.

“ஐயோ, விளக்கு வெச்சாச்சே சார். விளக்கு வெச்சப்புறம் மோர் வெளிய குடுக்க மாட்டோமே. நீங்க…”

“பரவால்லம்மா, பரவால்ல” என்று சொல்லிக்கொண்டே தணிகாசலம் படி இறங்கிவிட்டார்.

விளக்கு வைத்த பிறகு பால், தயிர், உப்பு எதுவும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, கூடவே லட்சுமியும் போய்விடுவாள் என்பது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தணிகாசலத்துக்கும் தெரியும். ஆனால் ஒண்டியாக இருக்கிறவன் காதில் காரணம் விழாது. இல்லை என்பது மட்டும்தான் விழும். வீட்டுக்கு வந்து லைட்டைப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலி டம்ளர் கையிலேயே இருந்தது. அறுபத்தோரு வயதில் ஒரு டம்ளர் மோருக்காக அழுகை வரும் என்று அவர் நினைத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் ரயிலிலேயே மாம்பலத்துக்குப் போய்விட்டார்.

வாடகைக்கு வருகிற வீடு அவருடைய பழைய ஆபீஸ் நண்பர் வைத்தியலிங்கத்துக்குச் சொந்தம். மூன்றாவது மாடி. “ஒரு நாலைஞ்சு நாள் தங்கிப் பாருங்க. பிடிச்சா ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க, வேற ஒருத்தர் கேட்டுட்டிருக்கார்” என்று அவர் சாவியைக் கொடுத்தார்.

சத்தத்துக்குக் குறைவே இல்லை. கீழே பூக்காரியும் ஆட்டோக்காரரும் ஒரு முழத்துக்காகச் சண்டை போட்டார்கள். மேல் மாடியில் யாரோ மிக்ஸி ஓட்டினார்கள். தணிகாசலம் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். அதில் ஒன்றுகூட அவரைப் பார்த்து வரவில்லை என்பதை இரண்டாம் நாள்தான் கவனித்தார். பழகப் பழகச் சரியாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை ராத்திரி ஏழு மணிக்குப் பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு, டம்ளரோடு பக்கத்துக் கதவைத் தட்டினார். காதில் ஏதோ மாட்டியிருந்த ஒரு பெண் திறந்தாள்.

“மோரா? இருங்க அங்கிள்” என்று உள்ளே போனவள், பிரிக்காத தயிர் பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். “முழுசா வெச்சுக்கங்க. திருப்பித் தர வேணாம்.”

விளக்கும் இல்லை, சாஸ்திரமும் இல்லை. நல்ல பெண். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள்.

மறுநாள் காலையில் தயிர் கெட்டியாக உறைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாம்பலத்திலிருந்து நேரே கூடுவாஞ்சேரிக்கு வந்து இறங்கினார் தணிகாசலம்.

“பதில் கிடைச்சிடுச்சும்மா” என்றார். “இருபத்திரண்டு வருஷம் எதிர்ல இருந்தவங்க இல்லேன்னு சொன்னாங்க. மாம்பலத்துல முன்னப்பின்ன தெரியாத பொண்ணு, கேட்டதும் பாக்கெட்டோட குடுத்துச்சு. சாயங்காலம் வைத்தியலிங்கத்துக்குச் சரின்னு சொல்லிடப் போறேன்.”

“எதிர் வீட்ல இல்லேன்னா சொன்னாங்க?”

“விளக்கு வெச்சாச்சுன்னு சொன்னாங்க.”

“மறுநாள் காலையில என்ன சொன்னாங்க?”

“மறுநாள் நான் எங்கம்மா இருந்தேன்? விடியறதுக்குள்ள கிளம்பிட்டேன்.”



“மாம்பலத்துப் பொண்ணை அப்புறம் பார்த்தீங்களா?”

“வேலைக்குப் போற பொண்ணும்மா. அதுக்கு ஏது நேரம்?”

“சரி, வாங்க. உங்க வீட்டை நான் பார்த்ததே இல்ல. நீங்களும் ஒரு நாள் கூப்பிடல.”

இருவரும் ஷேர் ஆட்டோவில் ஊரப்பாக்கத்துக்கு வந்தார்கள். இரண்டு காலி மனைகளுக்கு நடுவே வீடு பூட்டிக் கிடந்தது. கேட்டில், பால் பாக்கெட் போடுவதற்காகக் கோமளா எப்போதோ கட்டிவிட்ட வயர் கூடை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. தணிகாசலம் மூடியைத் திறந்து பார்த்தார். மோர்.

எதிர்க் கதவு திறந்தது. எதிர் வீட்டுக்காரம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வேகமாக வந்தார்.

“வந்துட்டீங்களா சார்! அன்னிக்கு நீங்க போங்க, காலையில நானே கொண்டாறேன்னு சொல்றதுக்குள்ள இறங்கிப் போயிட்டீங்க. விடிஞ்சதும் வந்து பார்த்தேன், பூட்டியிருந்துச்சு. எப்ப வருவீங்களோன்னு தினமும் காலையில பழசைக் கொட்டிட்டுப் புதுசு வெச்சேன். இது இன்னிக்கு வெச்சதுதான், புளிச்சிருக்காது.”

“எதுக்கும்மா உங்களுக்கு இவ்வளவு சிரமம்?”

“இதுல என்ன சிரமம்? கோமளாக்காவும் நானும் இப்படித்தானே? எங்க வீட்ல உறை தீர்ந்தா உங்க வீட்ல வாங்குவேன். உங்க வீட்ல தீர்ந்தா அக்கா வந்து வாங்குவாங்க. இருபது வருஷமா இங்கயும் அங்கயும் போயிட்டு வந்துட்டிருந்துச்சு. முதல்ல யாரு குடுத்ததுன்னு எங்க ரெண்டு பேருக்குமே ஞாபகம் இல்ல.”

தணிகாசலத்தின் கை டப்பாவின் மேலேயே இருந்தது.

“அக்கா போனதுக்கப்புறம் கேட்க ஆளில்ல, குடுக்கவும் ஆளில்ல. நான் ஒருத்திக்கு எவ்வளவு தயிர் வேணும் சொல்லுங்க? ஆனா விட்டுட மனசு வரல. ஒரு நாள் தவறாம உறை ஊத்திட்டிருக்கேன். எங்க வீட்ல கெட்டுப் போச்சுன்னா அவ்வளவுதான், அக்கா வீட்டு உறை போச்சேன்னு பயமா இருக்கும். இனிமே பயமில்ல. தீர்ந்தா உங்ககிட்ட வந்து வாங்கிக்குவேன். பத்திரமா வெச்சிருங்க.”

அடுப்பில் பருப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

தணிகாசலம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோமளா போட்ட தயிர், ஒரு வருடமாகப் பத்தடி தூரத்தில் இருந்திருக்கிறது. அவர் பாக்கெட் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கவும் கை ஒழிவில்லை.

“அம்மா” என்றார். “சாயங்காலத்துக்குள்ள வைத்தியலிங்கத்துக்குப் பதில் சொல்லணும். இப்ப நீங்களே சொல்லிடுங்க. போகவா, இருக்கவா?”

அம்மாள் ஷேர் ஆட்டோ வருகிறதா என்று தெருமுனையைப் பார்த்தார்.

“போறதுன்னா தாராளமாப் போங்க ஐயா. போன வாரமா இருந்தா பூட்டிட்டுப் போயிருக்கலாம். இப்ப எதிர் வீட்ல சொல்லிட்டுப் போகணும்.”