பையாத்தாவின் வயிற்றுக் கோடு

அத்திமர ஓடைக்காட்டில் துடுப்பன் என்றொரு கரிச்சான் குருவி இருந்தான். வாலில் இரண்டு துடுப்பு. தொண்டையில் இருநூறு குரல். மயிலைப் போல அகவுவான், மானைப் போலக் கனைப்பான். சிறுத்தையைப் போல ஓர் உறுமல் விட்டால் போதும், குரங்குக் கூட்டம் மொத்தமும் மரத்துக்கு மரம் தெறித்து ஓடும். அதைப் பார்த்துக் கிளை குலுங்கச் சிரிப்பான்.

அவனால் பேச வைக்க முடியாத பொருள் காட்டிலேயே கிடையாது. அந்தப் பை வரும்வரைக்கும்!

காட்டு விடுதியில் தங்கிவிட்டுப் போன ஒரு குடும்பம் மறந்து விட்டுப்போன, குழந்தைக்குக் கூழ் ஊட்டும் பை அது. உள்ளங்கை அகலம். தும்பைப்பூ வெள்ளை. தலையில் ஒரு குட்டி மூக்கு, மூக்குக்கு ஒரு மூடி. செம்பி என்ற தாய்க்குரங்கு அதை விடுதியின் துணிக்கொடியிலிருந்து இறக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

செம்பியின் குட்டி மொட்டுக்கு அப்போதுதான் பல் முளைத்திருந்தது. தாய்ப்பால் மட்டும் போதவில்லை. அத்திப்பழத்தையும் வாழைப்பழத்தையும் மென்று கூழாக்கிக் கையில் ஏந்துவாள் செம்பி. ஒரு தாவல் தாவுவாள். கூழ் பாதி கீழே, மீதி மொட்டின் காதில்!

இப்போது அந்தக் கூழைப் பையின் மூக்கு வழியாக ஊதி அடைத்தாள். தாவினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை! தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கிய மொட்டு, பையை இரண்டு கையாலும் அமுக்கி உறிஞ்சியது.

காடே வாய் பிளந்தது.

"அடேயப்பா! எலும்பு இல்லை, தோல் இருக்கு!"

"அமுக்கினால் ஊட்டுது! விட்டால் நிறுத்துது!"

"தாய்க்கு மேல் தாயடி இது!"

கூட்டத் தலைவன் கடுவன் கை கூப்பினான். "இது பை இல்லை, பையாத்தா!" என்று அறிவித்தான். அன்று முதல் பையாத்தா அத்திமரக் கிளையில் தொங்கினாள். பூ வைத்தார்கள். சுற்றி வந்தார்கள். பசி வந்தபோது செம்பி கும்பிட்டு எடுத்து, கூழ் அடைத்து ஊட்டிவிட்டு, மறுபடி கும்பிட்டு மாட்டினாள்.

துடுப்பனும் வியந்துபோய்த்தான் பார்த்தான். 'எல்லாவற்றுக்கும் ஒரு குரல் இருக்கிறது. இதற்கு என்ன குரல்?' கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டான். பை ஒன்றும் பேசவில்லை.

ஆனால் அந்தக் குடும்பம் தங்கியிருந்தபோது விடுதியின் ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் ஒன்றைப் பார்த்திருந்தான். பையின் அடியில் ஒரு கோடு. அந்தக் குடும்பத்து அம்மாள் அதை இரு பக்கமும் பிடித்து இழுப்பாள். பை தவளை மாதிரி வாயைத் திறக்கும். ஒவ்வொரு முறையும் உட்புறத்தை வெளியே திருப்பிக் கழுவி, தலைகீழாகக் கொடியில் காயப் போடுவாள்.

"செம்பியக்கா! அடியில் திறந்து கழுவணும் அக்கா!" என்றான்.

"முந்தாநாள் சிறுத்தை மாதிரி உறுமினவன் யாருடா?"

"அது சும்மா விளையாட்டுக்கு..."

"இதுவும் விளையாட்டுத்தான்! போடா!"

கடுவன் பல்லைக் காட்டினான். "ஆத்தாவின் அடிவயிற்றில் கை வைக்கச் சொல்கிறாயா? கழுவினால் மகிமை கரைந்து போகாதா? உன் நாக்கை முதலில் கழுவு!"

கூட்டம் சிரித்தது. துடுப்பன் பறந்து போய்விட்டான்.

சில நாள் கழித்து அவன் திரும்பி வந்தபோது மொட்டு தாய் மடியில் துவண்டு கிடந்தது. தின்றதெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது. தாவத் துடிக்கும் கால்கள் தொங்கிப்போயிருந்தன. செம்பி கண்ணீரோடு பையின் மூக்கை அதன் வாயில் வைத்தாள். "ஒரு வாய் குடிடா கண்ணு, ஆத்தா காப்பாத்துவா." மொட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

புளித்த வாடை மேல்கிளை வரை வந்தது. துடுப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. 'நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். யார் சொன்னால் கேட்பார்கள்?'

செம்பி பையைக் கிளையில் மாட்டியதும், அதன் பின்னாலிருந்த இலைக்கொத்துக்குள் புகுந்தான். விடுதியில் பார்த்த அந்த அம்மாளின் குரலை எடுத்தான். கொஞ்சம் தேன் சேர்த்தான். கொஞ்சம் இடியும் சேர்த்தான்.

"செம்பீ...!"

குரங்குகள் அப்படியே உறைந்தன.

"எனக்கு வயிறு பொருமுதடி! அடிவயிற்றுக் கோட்டைத் திற! ஓடைத் தண்ணீரில் என்னைத் திருப்பிப் போட்டுக் கழுவு!"

கடுவன் கை கூப்பிக்கொண்டே கேட்டான். "ஆத்தா... உனக்குமா வயிறு பொருமும்?"

"கழுவாத வாயோடு நீ இத்தனை நாள் இருந்து பாரடா, தெரியும்!"

செம்பி பையை நெஞ்சோடு அணைத்து அத்திமரத்தடி ஓடைக்கு ஓடினாள். கோட்டை இரு பக்கமும் பிடித்து இழுத்தாள். சர்ரென்று திறந்தது. கிழியவில்லை! அழுத்தினால் மூடியது. இழுத்தால் மறுபடி திறந்தது! குரங்குகள் மூச்சு விடவும் மறந்தன. உள்ளே எட்டிப் பார்த்தாள் செம்பி. மூலை முடுக்கெல்லாம் பழைய கூழ். அதன்மேல் கறுப்பாகப் பூஞ்சணம்.

"இதையா என் பிள்ளைக்கு ஊட்டினேன்!"

அழுதுகொண்டே தேய்த்தாள். வாடை போகும்வரை அலசினாள். "இப்போ வயிறு லேசாச்சா ஆத்தா?"

"ஆச்சு செம்பி, ஆச்சு!" என்று பதில் வந்தது.

பை இருந்தது செம்பியின் கையில். பதில் வந்ததோ அத்திமரத்து இலைக்கொத்திலிருந்து! எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். இலைக்கு வெளியே இரண்டு துடுப்புகள் தொங்கின.

"அடேய்...!" கடுவன் பாய்ந்தான். செம்பி அவன் வாலைப் பிடித்து இழுத்தாள். "விடுங்க அண்ணே! குரல்தான் பொய். சொன்னது நிஜம்."

பை வெயிலில் தலைகீழாகக் காய்ந்தது. அதுவரை மொட்டு தாய்ப்பாலே குடித்தது. வயிறு அடங்கி, கால்கள் மறுபடி துள்ளத் தொடங்கியதும், செம்பி புதுக்கூழை அடிவாய் வழியாக நிரப்பிக் கொடுத்தாள். மொட்டு அமுக்கியது, உறிஞ்சியது. கடைசிச் சொட்டு வந்தபோது பை பேசியது.

"சுர்ர்ர்க்!"

துடுப்பன் சிறகை மடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். கடைசியில் பையின் குரல்! இருநூறு குரலையும் விட அழகாயிருந்த அதைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"டேய் துடுப்பா!" என்று கூப்பிட்டாள் செம்பி. "நாளைக்கும் கழுவ ஞாபகப்படுத்து. உன் குரலிலேயே சொல்லு, கேட்கிறேன்."

"என் குரலா?" துடுப்பன் விழித்தான். "அது எதுன்னு தேடிப் பார்த்துட்டு வரேன் அக்கா!"

எவ்வளவு அதிசயமான பாத்திரமானாலும், அதன் மகிமை அதைக் கழுவி வைக்கும் கையில்தான் இருக்கிறது.